கூடை மூடிய கம்ப்யூட்டர்

சுதாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தாலும் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் வருவாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அது வேகும்வரை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பாள். “உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சி நான் பாத்ததில்ல” என்று அவளுடைய மாமியார் சொக்கம்மாள் தங்கள் ஊரான சாலவாக்கத்தில் பாதிப் பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவள் பல வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்றால், அது உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் வசந்த்குமார் நடத்தும் பேனர் கடையில்தான். பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு வேலை முகங்களோடு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எதற்கானாலும் ஆட்கள் செல்போனில் மங்கலான படங்களைக் கொண்டுவருவார்கள். சட்டையில்லாமல் வரப்பில் நிற்கும் பெரியவருக்கு அவள் வெள்ளைச் சட்டை போட்டுவிடுவாள். கல்யாணக் கூட்டத்தில் பாதி முகம் மறைந்து நிற்கும் சித்தப்பாவை வெட்டி எடுத்து, இல்லாத பாதியை அவருடைய தம்பி முகத்திலிருந்து எடுத்து ஒட்டி முழுசாக்குவாள். எந்த வீட்டில் யாருக்கு யார் என்ன முறை என்பது அவளுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது. காதுகுத்து பேனரில் தாய்மாமன் படம் மற்றப் படங்களைவிடக் கொஞ்சம் சிறிதாகிவிட்டாலும் பந்தியில் சண்டை வரும்.

அவளைக் கடையைவிட்டுத் துரத்தியது சம்பளம் இல்லை. திரையில் சுற்றும் அந்த நீலச் சக்கரம்தான். கடைக் கம்ப்யூட்டர் பழசு. பெரிய பேனர் ஒன்றில் சொந்தக்காரர்கள் முகம் கூடக் கூட அது திணறும். ஒரு முகத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினால் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். சுதா எழுந்து கடை வாசல்வரை போவாள், வருவாள், மறுபடி போவாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

“அண்ணா, ராம் மெமரி மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடுங்களேன். நானே மாட்டிடறேன்.”

“ஓடற வரைக்கும் ஓடட்டும் சுதா. நீ உள்ள கைய வெக்காத. சர்வீஸ் ஆளு வந்து பாத்துக்குவான்.”

வசந்த்குமார் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். மழை நாளில் சீக்கிரம் அனுப்பிவிடுவார். ஆனால் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறக்க மட்டும் அவளை விடமாட்டார். காஞ்சிபுரத்திலிருந்து சர்வீஸ் ஆள் வந்து திறக்கும்போது சுதா பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். எது எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டாள். மீதியைப் பேருந்தில் நின்றபடியே செல்போன் வீடியோக்களில் பார்த்தாள்.

பங்குனியில் சீட்டுப் பணம் அவள் கைக்கு வந்தது. அதை வைத்து வீட்டுத் தரைக்கு டைல்ஸ் போடுவதாகத்தான் பேச்சு. கணவன் வேதகிரி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. விடியும் முன்னே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அவனிடம் அவள் விஷயத்தைச் சொன்னபோது சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தான்.

“உன் சீட்டு. உன் இஷ்டம். ஆனா ஓடணும் சுதா. டைல்சு போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். இது ஓடலைன்னா தெனம் பாத்துக்கினு இருக்கணும்.”

வேலையை விடுவதாகச் சொன்ன அன்று வசந்த்குமார் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“வூட்லயே மிஷினு வெச்சி பேனர் போடறேன்னு போனவங்க எத்தினி பேரு தெரியுமா? எல்லாரும் பத்தே நாள்ல இதோ, இந்தக் கண்ணாடிக் கதவாண்ட வந்து நின்னாங்க. போய்ட்டு வா. உன் சேர்ல யாரையும் உக்கார வெக்க மாட்டேன்.”

அந்தப் பேச்சு சுதாவோடு பேருந்தில் ஏறி வீடுவரை வந்தது. மறுநாளும் அவளை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் எல்லப்பன் போன் செய்தார். பக்கத்து ஊர்க்காரர், நெல் அறுக்கும் வண்டி வைத்திருப்பவர். பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. “கடையில நீ இல்லன்னாங்க. எனக்கு உன் கையால போட்டாத்தான் ஆச்சி. ஆளுங்க மூஞ்சி மூஞ்சியா தெரியும்” என்றார். படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். பேனரை அச்சடித்துக் கொடுப்பது காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகம். சனிக்கிழமை மதியத்துக்குள் கோப்பு அங்கே போய்ச் சேர வேண்டும். சுதா சரி என்றாள். அப்போது அவளிடம் கம்ப்யூட்டர் இல்லை. உத்திரமேரூரில் மூடிய ஒரு பிரவுசிங் சென்டரில் வாங்கிய பழைய மானிட்டரும், கீபோர்டும், மவுசும் மட்டும் இருந்தன.

வியாழக்கிழமை செங்கல்பட்டு போய் ரயில் பிடித்து சென்னைக்குப் போனாள். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் நடக்கவே இடமில்லை. கடைக்குக் கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் நின்றாள். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்ட ஒருவர் ஊரையும் தேவையையும் விசாரித்தார்.

“லேப்டாப் ஒன்னு எடுத்துடேம்மா. இன்னாத்துக்கு இத்தனையும் தூக்கிக்கினு சாலவாக்கம் போவப்போற?”

“என் காசுக்கு வர்ற லேப்டாப்புல பெரிய பேனர் ஓடாதுண்ணா. தொங்கிடும்.”

அவர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு சரியாகப் பேசினார். கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸும், எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டியும் புதிதாகத்தான் வேண்டும் என்று சுதா பிடிவாதமாக நின்றாள். எல்லாவற்றையும் மாட்டும் பலகையான மதர்போர்டும் அதன் பிராசசரும் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவை. நினைவுப் பட்டையான ராம் பழசு, ஒன்றே ஒன்று. இன்னொன்று பிறகு போட்டுக்கொள்ளலாம். தனி கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம். அவர் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, இணைத்து, ஓட்டிக் காட்டினார். திரையில் படம் வந்தது. விண்டோஸும் ஏற்றிக் கொடுத்தார்.

“கேபினெட்டு?”

“காசு பத்தாதுண்ணா.”

“அம்மணமாவா ஓட்டப்போற?”

“மூடறதுக்கு வூட்ல எதாச்சும் இருக்கும்.”

அவர் சிரித்தார். “சரி, அப்டியே மாட்டின வாக்குல பேக் பண்ணித் தரட்டா?”

“வேணாண்ணா. கழட்டிக் குடுங்க. நான் மாட்டிக்கிறேன்.”

“பிராசசரை மட்டும் கழட்ட மாட்டேன். பின்னு வளைஞ்சா அப்பறம் என்கிட்ட வந்து அழுவ” என்று அதை மட்டும் போர்டிலேயே விட்டார். மற்றதையெல்லாம் பிரித்து, செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டார். ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. தாம்பரம் தாண்டுவதற்குள் ஏழெட்டுத் தடவை பையைத் திறந்து பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. வேதகிரி வேனில் போய்விட்டிருந்தான். சொக்கம்மாள் நூறு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். புதுப் பொருள் வருகிற நாளில் வீட்டில் பெரிய மனுஷி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“இதுல சீரியல் வருமா?”

“வரும் அத்தை. மொதல்ல இது வரட்டும்.”

“அப்ப சீக்கிரம் பூசை போடு. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்.”

பழைய கதவுப் பலகை ஒன்றைச் செங்கல்மேல் தூக்கிவைத்து மேசையாக்கியிருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் எல்லாவற்றையும் வைத்தாள். கடையில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பது எப்போதும் அவள் வேலை. மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், பேனரில் ஓட்டை போடும் மிஷின், கத்தரிக்கோல் எதையும் விடமாட்டாள். அந்தக் கை பழக்கத்தில் சந்தனப் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். கடையில் எல்லாவற்றுக்கும் வெளிப்பக்கம் ஒன்று இருந்தது. இங்கே எல்லாமே உள்பக்கமாக இருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். மதர்போர்டில் ஒன்றுமில்லாத மூலை ஒன்றில் ஒரு பொட்டு. ராம், விரல் அகலத்தில் ஒரு பச்சைப் பட்டை. அதன் உடம்பு முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். கீழ் விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அந்தப் பற்களுக்கு மேலே மட்டும்தான் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு துளி வைத்துத் தட்டின் விளிம்பில் சாய்த்து நிறுத்தினாள்.

கற்பூரம் காட்டி முடித்து, காயட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள். விட்டாள் என்றால், வாசலுக்கும் சாமி படத்துக்குமாக நடந்தாள்.

பிறகு மாட்ட ஆரம்பித்தாள். போர்டை அதன் அட்டைப் பெட்டிமேலேயே வைத்தாள். ராம் கிளிக் என்று உட்கார்ந்தது. எஸ்எஸ்டியைப் பொருத்தினாள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் தடித்த ஒயரை அழுத்தும்போது போர்டு உடைந்துவிடுமோ என்று பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி அழுத்தினாள். உடையவில்லை. கேபினெட் இல்லாததால் ஆன் செய்யப் பட்டனும் இல்லை. போர்டின் ஓரத்தில் நிற்கும் இரண்டு கம்பிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொட வேண்டும். அப்படித்தான் வீடியோவில் செய்தார்கள்.

“கரண்ட்ல கம்பிய வுடறாளே, அய்யோ!” சொக்கம்மாள் இரண்டடி பின்னால் போனார்.

சுதா தொட்டாள். மின்விசிறி சுற்றியது. சிறிய பச்சை விளக்கு எரிந்தது. சொக்கம்மாள் அங்கிருந்தே கும்பிட்டார்.

மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வந்தது. அவ்வளவுதான்.

அணைத்தாள். தொட்டாள். நோ சிக்னல். மானிட்டர் ஒயரைப் பிடுங்கித் திருப்பிச் செருகினாள். நோ சிக்னல். பக்கத்துக் கழனியில் மோட்டார் ஓடுகிறது, வோல்டேஜ் இறங்கியிருக்கும் என்று அது நிற்கும்வரை காத்திருந்தாள். மோட்டார் நின்றது. நோ சிக்னல். ராமைக் கழற்றி மாட்டினாள். பக்கத்துப் பள்ளத்தில் மாட்டினாள். தங்கப் பற்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், பளிச்சென்றுதான் இருந்தன. வாசலுக்குப் போனாள். தெருவில் ஒன்றும் இல்லை. திரும்ப வந்தாள்.

வேதகிரி டீ நேரத்தில் போன் செய்தான்.

“ஓடுதா?”

“ஓடுது. காத்தாடி மட்டும்.”

“வேர்க்குதுன்னா காத்து வாங்கிக்க” என்றான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், “சரி சரி, சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்தான்.

அடுத்து எல்லப்பன்.

“இன்னாம்மா, ஆரமிச்சிட்டியா? துபாய்ல இருந்து என் மருமவளோட அண்ணன் வந்துகீறான். அவன்தான் தாய்மாமன். கூலிங் கிளாஸ் போட்டுக்கினு எடுத்த போட்டோதான் போடணுங்கறான். அனுப்பிகீறேன் பாரு.”

“பாக்கறேன்ணா.”

“மாதிரி ஒன்னு சாயங்காலத்துக்குள்ள காட்டிடு. வூட்ல பொம்பளைங்க பேஜார் பண்றாங்க.”

போனை வைத்ததும் ரிச்சி தெருக்காரருக்கு அடித்தாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். ராமைக் கழற்றி மாட்டினாயா, போர்டிலுள்ள சின்ன பேட்டரியைக் கழற்றினாயா, ஒயர் சரியா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள்.

“அப்ப தெரியலியேம்மா. இங்க ஓடிச்சே. உன் கண்ணு முன்னாடிதான காட்னேன்.”

“காட்னது ஒன்னு, பையில போட்டது ஒன்னாண்ணா?”

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவளுக்கே கேட்டது.

“தோ பாரும்மா. நான் இந்தத் தெருவுலயே பொழைக்கிறவன். நாளைக்கி எடுத்துக்கினு வா. இன்னான்னு பாத்துக் குடுக்கறேன்.” அவரே வைத்துவிட்டார்.

நாளைக்கு. நாளை மதியம் கோப்பு காஞ்சிபுரத்தில் இருக்க வேண்டும். நாளை அவள் சென்னையில் இருந்தால் எல்லப்பன் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை வெறும் மூங்கில் கம்புதான் நிற்கும். அதற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் அவளிடம் பேனர் கொடுப்பார்கள்?

“கண்ணு பட்டுடுச்சி” என்றார் சொக்கம்மாள். மிளகாயும் உப்பும் எடுத்துவந்து மதர்போர்டைச் சுற்றிப் போட்டார். சுதா தடுக்கவில்லை. சுற்றி முடித்ததும் ஒருமுறை தொட்டும் பார்த்தாள். நோ சிக்னல்.

மதியத்துக்குப் பிறகு எல்லப்பன் மறுபடி அழைத்தார். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “தப்பா நெனச்சிக்காதம்மா. உன் மிஷினு இன்னும் ரெடியாவலைன்னு பேசிக்கிறாங்க. வசந்த்கிட்ட எதுக்கும் ஒரு வார்த்த சொல்லி வெக்கட்டா?”

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்கண்ணா.”

“சாயங்காலம்னா வெளக்கு வெக்கறதுக்குள்ள.”

ஒரே ஒரு வழி மீதி இருந்தது. அது அவளுக்குக் காலையிலேயே தெரியும். தெரியாத மாதிரி வாசலுக்கும் பலகைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கடைக் கம்ப்யூட்டரும் இதே வகை ராமில்தான் ஓடுகிறது. சர்வீஸ் ஆள் திறந்தபோது பார்த்திருக்கிறாள். இந்த ராமை அதில் மாட்டிப் பார்த்தால் கெட்டதா நல்லதா என்று உடனே தெரிந்துவிடும். கெட்டதென்றால் கடையிலேயே உட்கார்ந்து எல்லப்பன் வேலையை முடித்துவிட்டு வரலாம். வசந்த்குமார் மறுக்கமாட்டார். சிரிப்பார். உட்காரு என்பார். சேர் அங்கேயேதான் இருக்கும்.

ராமைக் கழற்றி, ஒரு காகிதத்தில் மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். பேருந்தில் வழக்கம்போலப் படியருகே நின்றாள். உத்திரமேரூரில் இறங்கினாள். சாலையைக் கடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் சொன்ன அதே இடம். இன்னும் பத்து நாள்கூட ஆகவில்லை.

உள்ளே வசந்த்குமார் ஒரு வாடிக்கையாளரிடம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். நாற்காலிக்கு முன்னால் அவள் மானிட்டர். அதன் சட்டத்தின் நடு உச்சியில் போன ஆயுத பூஜைக்கு அவள் வைத்த சந்தனம். யாரும் துடைப்பதில்லை, துடைக்கவும் கூடாது. தானாக உதிரும்வரை இருக்கும். அது காய்ந்து, ஓரம் வெடித்து, கீழே ஒரு கோடாக வழிந்து, திரைக் கண்ணாடியின் விளிம்பில் கெட்டியாக ஒட்டியிருந்தது. திரைமேல் வழிந்த அந்தக் கோட்டை மட்டும் நகத்தால் சுரண்டி எடுக்க எவ்வளவு நாள் முயன்றிருக்கிறாள். சிமென்ட் மாதிரிப் பிடித்துக்கொள்ளும்.

கதவில் வைத்த கையை எடுத்தாள்.

ஓரமாகப் பூக்கடை நிழலுக்கு நகர்ந்து காகிதத்தைப் பிரித்தாள். ராமின் தங்கப் பற்கள் காலையில் பார்த்த மாதிரியே பளிச்சென்று இருந்தன. சந்தனமும் மஞ்சள், அவையும் மஞ்சள். கட்டைவிரல் நகத்தால் ஒரு பல்லை மெல்லச் சுரண்டினாள். நகத்தின் இடுக்கில் மாவு மாதிரி வந்தது. மோந்து பார்த்தாள். சந்தன வாசனை. தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்தபோது ஈரம் வழிந்து இறங்கியிருக்கிறது. பற்களுக்கு மேலே மெல்லிய பூச்சாகக் காய்ந்திருக்கிறது. அதை அவள் கழற்றிக் கழற்றி மாட்டி, இன்னும் நன்றாகத் தேய்த்துப் பரப்பியும் விட்டிருக்கிறாள்.

“அட, சுதா!”

வசந்த்குமார் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தார். முகம் நிறையச் சிரிப்பு. “வந்துட்டியா? இன்னாத்துக்கு வெயில்ல நிக்கற, உள்ள வா.”

சுதா காகிதத்தை மடித்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“இல்லண்ணா. ரப்பர் வாங்க வந்தேன்.”

“இன்னா ரப்பரு?”

“அழிக்கிற ரப்பர்.”

“அதுக்கா சாலவாக்கத்துல இருந்து வந்த? அங்க கடை இல்லியா?”

“நல்ல ரப்பரா வேணும்ணா.”

அவர் அவளையும், மூடிய அவள் கையையும், திரும்பி அந்தக் காலி நாற்காலியையும் பார்த்தார். சுதா அதற்குள் இரண்டு கடை தள்ளியிருந்த ஸ்டேஷனரிக்குள் ஏறிவிட்டிருந்தாள்.

திரும்பும் பேருந்தில் அவள் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, ராமை மடியில் துப்பட்டாமேல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் வெள்ளை ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். சர்வீஸ் ஆள் இப்படித்தான் தேய்ப்பார். முன்பக்கம் முடித்துத் திருப்பிப் பின்பக்கம். மஞ்சள் துகள் மடியில் உதிர்ந்தது. கண்டக்டர் சீட்டு கிழித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, தங்கமா?”

“ஆமாங்க.”

“கவரிங்கா இருக்கப்போவுது, பாத்துத் தேய்” என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. மதர்போர்டில் ராம் உட்காரும் பள்ளத்திலும் துகள் இருக்கும் என்று புதுப் பல்துலக்கி ஒன்றைப் பிரித்து, ஈரமில்லாத இழைகளால் நெடுக இழுத்துத் துடைத்தாள். அது வேதகிரிக்கு வாங்கிவைத்தது. ராமைப் பொருத்தினாள். கிளிக். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அவசரத்தில் முதல் தடவை கம்பிகளைத் தவறவிட்டாள். சொக்கம்மாள் கதவுக்கு அப்பால் நின்றபடி, “பாத்துடி” என்றார்.

காற்றாடி சுற்றியது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. இருந்தது. இருந்தது. பிறகு நடுவில் ஒரு சின்ன வெள்ளை எழுத்து, அப்புறம் திரை முழுக்க விண்டோஸின் நீலம்.

சுதா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். நீலம் அங்கேயேதான் இருந்தது.

“வந்துடுச்சா? கண்ணு கழிஞ்சிடுச்சி. நான் சுத்திப் போட்டேன் இல்ல” என்றார் சொக்கம்மாள்.

“ஆமா அத்தை.”

“எங்க போய்ட்டு வந்த?”

“ரப்பர் வாங்க.”

பென்டிரைவில் இருந்த மென்பொருளை ஏற்றிக்கொண்டே ரிச்சி தெருவுக்குப் போன் செய்தாள்.

“ஓடிடுச்சிண்ணா. உங்க பொருள் மேல ஒன்னும் கொறை இல்ல. நான் கோவத்துல பேசிட்டேன்.”

“அத்த வுடும்மா. இன்னா பிரச்சினை, சொல்லு. நாளைக்கி இன்னொருத்தருக்குச் சொல்லலாம் இல்ல.”

சுதா தாம்பாளத்தில் காய்ந்து கிடந்த சந்தனத்தைப் பார்த்தாள்.

“கொஞ்சம் தூசிண்ணா.”

“ஒரு நாள்லயா? வூட்ட மொதல்ல கூட்டித் தொடைம்மா” என்றார் அவர்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எல்லப்பன் அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. பெரியப்பா, சின்னத் தாத்தா, பெருநகர் ஊர்க்கார அத்தை, அவருடைய இரண்டு மருமகன்கள். நடுவில் குழந்தை. குழந்தைக்குப் பக்கத்தில் எல்லாரையும்விடப் பெரிதாகக் கூலிங் கிளாஸ் மாமன். அவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்தாள். கடையில் இந்த இடத்தில்தான் எப்போதும் சக்கரம் வரும். அவள் கால் பலகைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. மாமன் சட்டென்று போய் உட்கார்ந்தார்.

சொக்கம்மாள் சமையலறையிலிருந்து சோற்றுப் பாத்திரம் மூடும் நைலான் வலைக்கூடையை எடுத்துவந்தார். “பல்லி வுழும். இத்த கவுத்து வை” என்று மதர்போர்டின்மேல் அவரே கவிழ்த்தார். ஒயர்கள் கூடையின் அடியிலிருந்து வெளியே வந்தன. ஈ மொய்க்காமல் காக்கும் வலைக்குள்ளிருந்து பச்சை விளக்கு மட்டும் தெரிந்தது. அவர் தாம்பாளத்தை எடுத்து மிச்சச் சந்தனத்தில் தண்ணீர் விட்டு விரலால் குழைத்தார்.

“அத்தை!”

“இன்னாடி? காலையில வெச்சது எல்லாம் அழிஞ்சி போய்கீது.”

சுதா ஒரு கணம் யோசித்தாள். “கூடை மேல வைங்க” என்றாள்.

எல்லப்பன் போன் செய்தபோது தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. மாதிரியை அவருக்கு அனுப்பியிருந்தாள். பின்னால் பெண்களின் குரல் கேட்டது. யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நல்லா வந்துகீதும்மா. ஆனா என் தம்பி சம்சாரத்தோட அண்ணன் ஒருத்தர் வுட்டுப்போச்சாம். அவரையும் எங்கனாச்சும் சொருவிடு.”

“போட்டோ அனுப்புங்கண்ணா.”

“தனியா இல்ல. கல்யாண வீடியோவுல ஒரு ஓரமா நிக்கறாரு. பாதிதான் தெரியும்.”

“அனுப்புங்க. பாத்துக்கறேன்.”

அந்தப் பாதி முகத்தை முழுசாக்கி, பெருநகர் அத்தைக்குப் பின்னால் நிற்கவைத்தாள். அச்சகத்துக்கு அனுப்பும் பெரிய கோப்பாகச் சேமிக்கக் கொடுத்துவிட்டு, வழக்கப்படி வாசல்வரை போக நாற்காலியை விட்டு எழுந்தாள். திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. திரையில் ஒன்றும் சுற்றவில்லை.

இருந்தாலும் வாசல்வரை போய்விட்டு வந்தாள்.